வில்லன் எந்த ஊர், பொலிஸ் எந்த ஊர்? எல்லைக் குற்றப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கமெராவைத் தூக்குகிற தம்பி தங்கைகளுக்குக் குற்றக் கதை மேல் தனி ஆசை. தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் ஒன்றையொன்று தொடுகிற கந்தளாய், மொறவெவ பக்கத்து எல்லைக் கிராமங்கள், ஒரு சடலம், ஒரு பொலிஸ் ஜீப். களம் நல்ல களம்தான். பாத்திரங்களைப் பிரிக்கும்போதுதான் சறுக்குகிறார்கள்.

கடத்துகிறவன் ஒரு இனம், பிடிக்கிறவர் இன்னொரு இனம், நடுவில் சாகிறவர் மூன்றாவது இனம் என்று கதை தானாகவே பிரிந்துவிடுகிறது. ஒரு தாளில் பாத்திரங்களின் பெயர்களை எழுதி, எதிரே அவர்கள் செய்கிற வேலையை எழுதிப் பாருங்கள். குற்றமெல்லாம் ஒரு பக்கமும் மூளையெல்லாம் மறு பக்கமும் குவிந்திருந்தால் மறுபடி எழுத உட்காருவதுதான் வழி. 'மூன்று இனத்தையும் காட்டியிருக்கிறேனே' என்பது பதில் ஆகாது. 2012 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் சோனகர் (முஸ்லிம்கள்) சுமார் 40 சதவீதம், தமிழர் 30, சிங்களவர் 27. சந்தையில் கமெராவை வைத்தாலே மூவரும் வந்துவிடுவார்கள்.

பெரிய படங்களும் இதில் தப்பவில்லை. 1958இல் வந்த 'டச் ஆஃப் ஈவில்' என்ற ஹொலிவூட் படத்தில் மெக்சிகோ அதிகாரியாக வருபவர், முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்ட வெள்ளை அமெரிக்க நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன். 2015இல் அமெரிக்க-மெக்சிகோ எல்லைப் போதைக் கடத்தல் படமான 'சிகாரியோ' வந்தபோது, தன் ஊரைக் காட்டிய விதம் பிடிக்காமல் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகர மேயர். அந்தப் படத்தில் ஒரு மெக்சிகோ பொலிஸ்காரர் காலையில் எழும்புகிறார், மகனின் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுகிறார். அக்கறையோடுதான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் கதையைத் திருப்புகிற ஒரு முடிவைக்கூட அவர் எடுப்பதில்லை, சாகத்தான் வருகிறார். நம்மவர்கள் அதிகம் செய்கிற தவறும் இதுதான்.

அப்புறம் பேச்சு. கிண்ணியாக்காரர் யாழ்ப்பாணத் தமிழில் பேசுவார், நிலாவெளிக்காரர் சென்னைத் தமிழில் மிரட்டுவார். 'வாப்பா', 'உம்மா' என்று இரண்டு சொல்லைத் தூவினால் மூதூர் வந்துவிடாது. அந்த ஊரில் வளர்ந்த ஒருவரை வசனத்தில் உட்கார வையுங்கள்.

இதைவிடப் பெரிய பிழை பொலிஸ் நிலையக் காட்சியில் நடக்கிறது. பொறுப்பதிகாரி சரளமாகத் தமிழ் பேசுவார், இல்லாவிட்டால் சிங்களத்தில் கத்துவார். உண்மையில் என்ன நடக்கும்? முறைப்பாட்டுக்கு வந்தவர் தமிழில் சொல்கிறார். அரைகுறைத் தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் அதைச் சுருக்குகிறார். புத்தகத்தில் சிங்களத்தில் ஏறுகிறது. கடைசியில் 'இதில ஒப்பம் வையுங்கோ' என்று பேனை நீள்கிறது. தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி; ஆனாலும் தான் எதற்கு ஒப்பம் வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். துப்பாக்கி வெடிக்காமலே நெஞ்சு படபடக்கிற காட்சி இது. எடுக்கத்தான் ஆளில்லை.

தமிழில் எடுக்கிறவர்களுக்கே உரிய இன்னொரு பழக்கம், சிங்களம் என்றால் சீருடை என்று வைத்துக்கொள்வது. கந்தளாயில் வயலுக்குத் தண்ணீர் வராமல் கடனில் நிற்கிற சிங்கள விவசாயிக்கும் குற்றம் செய்யக் காரணம் இருக்கலாம், சாட்சி சொல்லப் பயம் இருக்கலாம். அவர் சிங்களத்தில் பேசும்போது கீழே தமிழில் சப்டைட்டில் போடாமல் விட்டால், பார்க்கிறவருக்கு அது வெறும் சத்தம்தான்.

வெருகல் பக்கத்துக் கரையோர வேடர்களைக் கொண்டுவருவதாக இருந்தால் வில்லும் இலையும் வேண்டாம். தமிழ் பேசி, கோயில் வைத்துக் கும்பிடுகிறவர்கள் அவர்கள். பெண்களை அழவும் காத்திருக்கவும் மட்டும் கூப்பிடுவதையும் நிறுத்துங்கள்.

குற்றத்தையும் வெளியூரிலிருந்து இறக்க வேண்டாமே. மகாவலியில் இரவில் மணல் அள்ளுகிறார்கள், கடலில் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறார்கள். மணல் விவகாரத்தில் உழவு இயந்திரம் ஒருவருடையது, அனுமதிப் பத்திரம் இன்னொருவருடையது, ஆற்றில் இறங்குகிறவன் மூன்றாமவன். இந்த மூவரும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

முதல் எடிட்டைக் கிண்ணியாவில் நாலு பேருக்கும் கந்தளாயில் நாலு பேருக்கும் போட்டுக் காட்டுங்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தால் அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டப்பிங்குக்கு முன்னரே காட்டுவது நல்லது. பிறகு திருத்தக் கையில் காசு இராது.