காயங்களோடு முதிரும் நடுக்கள வீரரை எடைபோடுவது எப்படி?

கால்பந்தில் ஒரு பெரிய நடுக்கள வீரர் முப்பதைக் கடந்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி ஆடுகளத்தில் உட்காரத் தொடங்கிவிட்டால், அவரைப் பற்றிய பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. ஒரு தரப்பு அவர் வென்ற கோப்பைகளை அடுக்கிக் காட்டும். மறு தரப்பு அவர் ஆடாமல் போன ஆட்டங்களை எண்ணி, இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம் என்று பெருமூச்சு விடும். அந்த வீரர் பந்தோடு என்ன செய்தார் என்பதைத் தொடாமலேயே இரண்டு பேச்சுகளும் முடிந்துவிடும். அவர் விட்டுச்செல்வதை ஒழுங்காக எடைபோட விரும்பும் ரசிகருக்காக, நான் பல ஆண்டுகளாகப் பின்பற்றிவரும் முறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெல்ஜிய நடுக்கள வீரர் கெவின் டி புருய்னேயை எடுத்துக்கொள்கிறேன். 2015இல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணியிலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்து, பத்து ஆண்டுகளில் அந்நாட்டின் முதன்மை லீகான பிரீமியர் லீகில் ஆறு பட்டங்களையும், ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஒருமுறையும் வென்று, 2025இல் 34 வயதைத் தொடும் வேளையில் இத்தாலியின் நாப்போலிக்குப் போனவர் அவர். அந்தப் பத்து ஆண்டுகளின் ஊடே காயங்களும் ஒரு தனிச் சரடாக ஓடுவதால், இந்த முறையைப் பழகிப் பார்க்க அவர் மிகப் பொருத்தமானவர்.

முதலில் முழு ஆட்டம்

தொகுப்புக் காணொளிகளை ஒதுக்கி வையுங்கள். கோல்களையும் அசிஸ்ட்களையும் (கோலுக்கு வழிவகுத்த கடைசிப் பாஸ்களையும்) மட்டும் கோத்த ஐந்து நிமிடக் காணொளியில் எந்த நடுக்கள வீரரும் மேதையாகத்தான் தெரிவார். அதற்குப் பதிலாக மூன்று முழு ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்: உச்சத்தில் இருந்தபோது ஆடியது ஒன்று, முதல் பெரிய காயத்திலிருந்து மீண்டபின் ஆடியது ஒன்று, கடைசிக் காலத்தில் ஆடியது ஒன்று. ஒவ்வோர் ஆட்டத்திலும் இருபது நிமிடம், பந்து எங்கே போனாலும் உங்கள் கண் அவர்மேலேயே இருக்கட்டும். கேமரா பந்தைத் துரத்தும் என்பதால் அவர் சில நேரம் திரையை விட்டு வெளியேறிவிடுவார்; அப்போது எந்த இடத்தில் மறைந்தார், எந்த இடத்தில் மறுபடி தோன்றினார் என்று குறித்துக்கொண்டால் போதும். பந்து தன்னிடம் வருவதற்கு முன் எத்தனை முறை தோளுக்குமேல் திரும்பிப் பார்க்கிறார் என்பதையும் எண்ணுங்கள். கால் தளர்ந்த பிறகும் ஒரு நடுக்கள வீரரைக் களத்தில் நிறுத்திவைப்பது பெரும்பாலும் இந்தப் பார்வைதான்.

டி புருய்னேயை இப்படிப் பார்த்தால், வலப்பக்கத்தில் ஓர் இடம் திரும்பத் திரும்பத் தென்படும். எதிரணியின் இடது பின்கள வீரருக்கும் அவருக்கு அடுத்து நிற்கும் மையத் தடுப்பாளருக்கும் நடுவே உள்ள சந்து அது. அங்கிருந்து கோலுக்கு முன்னால் குறுக்காக அவர் அடிக்கும் பந்து, அதாவது கிராஸ், தாழ்வாகவும் வேகமாகவும் வந்து, கோல்கீப்பரை விட்டு விலகி வளையும். அந்தப் பந்து வரும் நொடியில் டி புருய்னேயை விட்டுவிட்டுத் தடுப்பாளரின் கால்களைப் பாருங்கள். அவர் தன்னுடைய கோலை நோக்கியே ஓடிக்கொண்டிருப்பார். கால் நீட்டினால் பந்து சொந்தக் கோலுக்குள்ளேயே போய்விடலாம். நீட்டாமல் விட்டால் தூரக் கம்பத்தருகே ஒரு முன்கள வீரர் காத்திருக்கிறார். கோல்கீப்பரோ ஓர் அடி முன்னே வைத்து, எட்டாது என்று தெரிந்து, அதே அடியைப் பின்னே வைப்பார். டி புருய்னேயின் பாஸின் மதிப்பு அந்த ஓரடித் தயக்கத்தில் இருக்கிறது. முன்கள வீரர் பந்தை வெளியே அடித்துவிட்டால் புள்ளிவிவரத்தில் அசிஸ்ட் ஏறாது. ஆனால் அந்தத் தயக்கத்தைக் கண்டவர் அதை மறக்க மாட்டார்.

எண்களை எப்படிக் கேட்பது

எண்களைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2019–20 சீசனில் டி புருய்னே 20 அசிஸ்ட்களுடன், 2002–03இல் தியரி ஆன்ரி நிறுவியிருந்த பிரீமியர் லீக் சாதனையைச் சமன் செய்தார். அந்த லீகின் மொத்த அசிஸ்ட் கணக்கில் செஸ்க் ஃபாப்ரிகாஸின் 111ஐக் கடந்து, 162 வைத்திருக்கும் ரயன் கிக்ஸுக்கு அடுத்த இடத்தை அடைந்துவிட்டே சிட்டியிலிருந்து விடைபெற்றார். கிக்ஸ் இருபதுக்கும் மேற்பட்ட சீசன்கள் ஆடியவர். ஆகவே காயங்களால் ஆட்டங்களை இழந்த ஒருவரை மொத்தக் கணக்கால் மட்டும் அளப்பது நியாயமாகாது. ஆடிய ஒவ்வொரு 90 நிமிடத்திற்கும் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவருக்கு முன்னால் நின்று கோல் அடித்தவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் எர்லிங் ஹாலண்ட் வருவதற்கு முந்தைய சீசன்களில், முழுநேர முன்கள வீரர் எவரும் இல்லாமலேயே சிட்டி பல ஆட்டங்களைத் தொடங்கியது.

இங்கே ரசிகர்கள் அடிக்கடி விழும் ஒரு குழி உண்டு. 2018–19 சீசனில் முழங்கால் தசைநார்க் காயங்களால் டி புருய்னே லீகில் 19 ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கினார்; சிட்டி 98 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. அடுத்த சீசனில் அவர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடினார்; சிட்டி 81 புள்ளிகளுடன் லிவர்பூலுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது. இந்த இரண்டு வரிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் இல்லாமலேயே அணி நன்றாக ஆடியது என்று வாதிடுபவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். 2019 கோடையில் தடுப்பாளர் வின்சென்ட் கொம்பனி விலகிவிட்டார் என்பதும், இன்னொரு தடுப்பாளர் ஏமெரிக் லபோர்ட் முழங்கால் காயத்தால் பல மாதங்கள் ஆடவில்லை என்பதும் அந்த வாதத்தில் வருவதில்லை. பின்களம் சரிந்த கணக்கை நடுக்கள வீரரின் தலையில் எழுதிவிடுகிறார்கள். அணியின் புள்ளிகளைக் கொண்டு ஒருவரை அளக்க நினைத்தால், அந்தச் சீசனில் அவரைத் தவிர வேறு யார் யார் இல்லை என்ற பட்டியலை முதலில் எழுதுங்கள்.

காயத்தையும் ஆட்டத்தின் பகுதியாகப் படியுங்கள்

காயங்களை வெறும் கழித்தல் கணக்காக எழுதிவிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்தப் பகுதிக்கு நிதானமாக நேரம் கொடுங்கள்.

மோதலில் வந்த காயத்தையும் தேய்மானத்தில் வந்த காயத்தையும் முதலில் பிரித்துவையுங்கள். 2021 மே மாதம் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், செல்சியின் ஆன்டோனியோ ரூடிகருடன் மோதி மூக்கெலும்பும் கண்குழி எலும்பும் முறிந்து டி புருய்னே வெளியேறினார். சிட்டி 0–1 என்று தோற்றது. அதை அவருடைய உடலின் பலவீனம் என்று எவரும் சொல்ல முடியாது. 2023 ஜூன் மாதம் இஸ்தான்புல்லில் இன்டர் அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் நடந்தது வேறு வகை. 36ஆவது நிமிடத்தில் ஹாம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்தசை) காயத்தோடு அவர் வெளியேற, ஃபில் ஃபோடன் உள்ளே வந்தார். ரோட்ரியின் கோலில் சிட்டி வென்றது. அதே ஆகஸ்டில் பர்ன்லிக்கு எதிராக லீகின் முதல் ஆட்டத்திலேயே அந்தக் காயம் திரும்பியது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஐந்து மாதம் வெளியே இருந்தார்.

ஹாம்ஸ்ட்ரிங் என்பது தொடையின் பின்பக்கத்திலுள்ள மூன்று தசைகளின் தொகுதி. முழு வேகத்தில் ஓடும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி முன்னே வீசப்படும். அந்த வீச்சைப் பிடித்து நிறுத்துவது இந்தத் தசைகளின் வேலை. நீண்டுகொண்டே இறுகவும் வேண்டியிருப்பதால் அவை கிழியும் ஆபத்து அந்தக் கணத்தில்தான் மிகுதி. ஒருமுறை கிழிந்த தசை மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற அது இன்னும் கூடும். இதைத் தெரிந்துகொண்டால், திரும்பத் திரும்பக் காயப்படும் ஒருவரைச் சோம்பல்காரர் என்றோ ஆர்வம் குறைந்தவர் என்றோ ஏசத் தோன்றாது.

இதன்பின் கேட்க வேண்டிய கேள்வி, காயத்திற்குப் பிறகு அவர் தன் ஆட்டத்தில் எதை மாற்றினார் என்பது. 2023ஆம் ஆண்டின் முடிவில் என் குறிப்பேட்டில் டி புருய்னேயின் பெயருக்குக் கீழே ‘முடிந்தது’ என்று எழுதிக் கோடு போட்டிருந்தேன். 2024 ஜனவரி 13 அன்று நியூகாசிலில் சிட்டி 1–2 என்று பின்தங்கியிருந்தபோது, 69ஆவது நிமிடத்தில் அவர் மாற்று வீரராக இறங்கினார். ஐந்து நிமிடங்களில் தடுப்பாளர்களை நோக்கிப் பந்தை நகர்த்திச் சென்று, பெனால்டி பகுதியின் விளிம்பிலிருந்து தாழ்வாக அடித்துச் சமன் செய்தார். 90 நிமிடங்களுக்குப் பின் கூட்டித்தரப்பட்ட நேரத்தில் பின்கள வரிசையின் தலைக்குமேல் அவர் தூக்கிப் போட்ட பந்தை இளம் வீரர் ஆஸ்கார் பாப் அடக்கி, கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் வலைக்குள் தள்ளினார். ஆட்டம் 3–2. அந்தக் கடைசிப் பந்தில் டி புருய்னே வேகமாக ஓடவே இல்லை; ஓட வேண்டிய வேலையைப் பாப் செய்யும்படி பந்தை எங்கே விழவைக்க வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருந்தார். குறிப்பேட்டில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். ஐந்து மாத ஓய்வு ஒரு வீரரிடமிருந்து எடுத்துக்கொள்வதைப் போலவே சிலவற்றைத் தொடாமல் விட்டுச்செல்லவும் செய்கிறது என்பதை அந்த இருபது நிமிடங்களில்தான் நான் புரிந்துகொண்டேன்.

யாரோடு ஒப்பிடுவது

ஒப்பீடு தவிர்க்க முடியாதது. ஆனால் துணையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 39 வயதில் ஏசி மிலானில் சேர்ந்த குரோஷிய நடுக்கள வீரர் லூக்கா மோட்ரிச்சை அளவுகோலாக வைத்தால், ஏறக்குறைய எல்லா நடுக்கள வீரர்களும் குறைப்பட்டவர்களாகத்தான் தோன்றுவார்கள். இங்கிலாந்தின் நடுக்கள வீரர் பிரையன் ராப்சனைப் போன்றவர்கள் பொருத்தமான துணை. ராப்சன் 1986 உலகக் கோப்பையில் தோள்மூட்டு விலகி வெளியேறினார். 1990இலும் காயத்தால் பாதியில் திரும்பினார். இருந்தும் மான்செஸ்டர் யுனைட்டெட் 26 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் லீக் பட்டம் வென்ற 1992–93 அணியில் அவரும் இருந்தார். இன்னும் கடுமையான வழி ஸ்பானிய நடுக்கள வீரர் சான்டி கசோர்லாவுடையது. 2016 அக்டோபரில் ஆர்சனலுக்கு ஆடும்போது பட்ட காயத்தில் தொற்று ஏறி, குதிகால் தசைநாணில் எட்டு சென்டிமீட்டர் அழுகிப்போனது. பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2018இல் வியாரியல் அணிக்குத் திரும்பினார். பிறகு தன் சிறுவயது அணியான ரியல் ஓவியேதோவில் சேர்ந்து, 2025இல் அது ஸ்பெயினின் முதல் பிரிவுக்கு ஏறியபோது நாற்பது வயதில் களத்தில் இருந்தார். கசோர்லாவின் கோப்பைக் கணக்கை மட்டும் படித்தவருக்கு இதில் எதுவும் தெரிய வாய்ப்பில்லை.

கடைசி சீசனை எங்கே வைப்பது

கடைசி சீசன்தான் நம் நினைவில் பசுமையாக இருக்கும். ஆகவே தீர்ப்பை அதிகம் வளைப்பதும் அதுதான். டி புருய்னேயின் 2024–25 சீசனில் சிட்டி லீகில் மூன்றாவதாக வந்தது. எஃப்ஏ கோப்பை இறுதியில் கிரிஸ்டல் பேலஸிடம் 0–1 என்று தோற்றது. சொந்த மைதானத்தில் அவர் கடைசியாக ஆடிய போர்ன்மத் ஆட்டத்தில், காலியாகக் கிடந்த கோலுக்கு முன்னால் வந்த பந்தைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். இவற்றை மறைக்க வேண்டாம். ஆனால் ஏப்ரலில் அதே பேலஸுக்கு எதிராக 0–2 என்று பின்தங்கியிருந்தபோது, ஃப்ரீ கிக்கைக் கம்பத்தின் உட்புறத்தில் பட்டு வலைக்குள் விழச்செய்து, ஆட்டத்தைத் திருப்பி 5–2 என்று அணியை வெல்லவைத்தவரும் அவர்தான். எழுதும்போது கடைசி சீசனைத் தொடக்கத்திலும் வைக்காதீர்கள், முடிவிலும் வைக்காதீர்கள். நடுவில், அதற்குரிய நீளத்தில் வையுங்கள். பத்து சீசன்களில் அது ஒன்று.

எழுதி வைக்கும்போது

உங்கள் மதிப்பீட்டை எழுதத் தொடங்குமுன் மேலே தேதியைப் போடுங்கள். தோல்வியடைந்த இரவிலோ பிரிவுரை வந்த நாளிலோ எழுதுவதைத் தள்ளிப்போடுங்கள். ஒரு வாரமாவது ஆறவிட்டால் சொற்கள் நேராக வரும். முதல் பத்தியில் கோப்பைகளை வைக்காமல் நீங்களே கண்ட ஒரு பாஸை விவரியுங்கள்: யார் எங்கே நின்றார்கள், பந்து எவ்வழியே போனது, யாருடைய கால் தடுமாறியது. அதை நான்கு வாக்கியங்களில் எழுத முடியவில்லை என்றால் இன்னும் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். எதிரணி ரசிகர் ஒருவரிடம் படிக்கக் கொடுப்பதும் நல்லது. அந்த வீரரைக் கண்டு அஞ்சியவருக்கு நமக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரிந்திருக்கும்.

பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். 2025 அக்டோபரில் இன்டருக்கு எதிராக நாப்போலிக்காகப் பெனால்டி அடித்த டி புருய்னே, பந்து வலைக்குள் போன அதே நொடியில் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொண்டாட ஓடி வந்த சக வீரர்கள் பாதி வழியிலேயே வேகத்தைக் குறைத்தார்கள். என் குறிப்பேட்டில் அந்தக் கோலையும் காயத்தையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே எந்தக் கோடும் போடவில்லை.