பழைய ஆலை நிலத்தைத் தோண்டுகிறார்களா? காற்றை அளப்பதில் நேரும் தவறுகள்

பினாங்குக்காரர்களுக்குப் பழைய ஆலை நிலம் புதிதல்ல. பட்டர்வொர்த்தில் நூறாண்டுக்கும் மேலாக வெள்ளீயம் உருக்கினார்கள். ஜார்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் சாலையில் உருக்காலை இருந்த இடத்தில் இன்று கடைத்தொகுதி நிற்கிறது. இத்தகைய மண்ணில் காரீயமும் ஆர்செனிக்கும் தங்கியிருக்கலாம்; உருக்கிய பின் மிஞ்சும் கசட்டில் கதிரியக்கமுள்ள தோரியமும் கலந்திருக்கலாம். மூடிக் கிடக்கும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. மண்வாரி இயந்திரம் இறங்கினால்தான் தூசியாக எழும்பும்.

அப்போது நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, கைப்பேசியில் ஐபியு என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்த்து நிம்மதி அடைவது. அது வட்டாரத்துக்கான எண். வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது. போதாததற்கு, தூசியை அது 24 மணி நேரச் சராசரியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். தோண்டும் ஒரு மணி நேரத்தில் பிஎம்10 என்ற, மூச்சில் உள்ளே போகும் நுண்தூசி கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராம், மற்ற 23 மணி நேரமும் 30 என்றால், நாள் சராசரி 54தான். மலேசியத் தர அளவு 100. தாளில் எல்லாம் நலம். அந்த ஒரு மணி நேரம் வேலியோரம் விளையாடிய பிள்ளையின் நெஞ்சுக்குள் போனதுதான் கணக்கில் வராது. ஆகவே வேலியிலேயே கருவி வேண்டும், 15 நிமிடச் சராசரி வேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் வேலை நிற்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

ஒரே கருவியை வைப்பதும் வீண். கடலோரத்தில் பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று. பகலில் சரியான பக்கம் இருந்த கருவி இரவில் தவறான பக்கம் நிற்கும். வேலை தொடங்கும் முன்பே சில வாரங்கள் அளக்காவிட்டால், பிறகு "இது சாலைத் தூசி" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மலிவான உணரிகளோ நம் ஊர் ஈரப்பதத்தில் நீர்த்துளியையும் தூசியாக எண்ணிவிடும்.

தூசியின் எடை மட்டும் போதாது. தூசியைப் பிடித்த வடிதாளை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் அதில் காரீயம் எவ்வளவு என்று தெரியும். எண்ணெய்த் தொட்டி இருந்த இடமென்றால் பென்சீன் ஆவியைத் தனியாக அளக்க வேண்டும். தூசிக் கருவிக்கு அது புலப்படாது.

மூக்கை நம்பாதீர்கள். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் அளவு கூடினால், அது முகரும் திறனையே மழுக்கிவிடும். எங்கள் மாடியில் ஓர் அம்மா கொடியில் காயும் துணியைத் தடவிப் பார்த்துத் தூசி நாளைக் குறித்துவைக்கிறார். மூக்கைவிட அது எவ்வளவோ மேல்!

வேலிக்குள்ளேயே கண்ணை வைத்திருப்பதும் தவறுதான். தார்ப்பாய் போடாத லாரியும் கழுவாத சக்கரமும் அந்த மண்ணைக் கடைத்தெரு வரை கொண்டுபோகும். அங்கே கருவி எதுவும் இல்லை.