மழை மாதங்களில் மரவேலை: வார்னிஷைப் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள்

டிசம்பர், ஜனவரியில் சிங்கப்பூரில் அடைமழை. பிப்ரவரி வந்தால் காற்று கொஞ்சம் காயும். வீட்டில் ஒரு அலமாரியோ டீப்பாயோ செய்ய நினைப்பவர்கள் இதை வைத்தே வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். அளவெடுப்பது, வரைவது, உளியையும் இழைப்புளியையும் தீட்டுவது, மூட்டுகளை வெட்டுவது எல்லாம் மழையிலேயே நடக்கட்டும். வார்னிஷ் மட்டும் காத்திருக்கட்டும். ஈரக்காற்றில் அது காயத் தாமதமாகும், அதற்குள் தூசி ஒட்டிவிடும்.

பலகையை வாங்கியதும் அறுக்காதீர்கள். சாமான் கடைசியில் எந்த அறையில் நிற்கப்போகிறதோ, அங்கேயே இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, ஓரிரு வாரம் விடுங்கள். முக்கியமாக ஏர்கான் அறை என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. வெளியே சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். ஏர்கான் ஓடும் அறையில் அதைவிட நன்றாகக் குறைவு. ஈரம் போகும்போது மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் சுருங்கும். 30 செ.மீ. அகல மெராந்தி மரப் பலகை 2, 3 மி.மீ. குறைந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கிவிடாதீர்கள். சட்டத்தில் திருகுத் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீள்வட்டமாகக் குடைந்து, வாஷர் போட்டு முடுக்குங்கள். மரம் அசைய இடமிருந்தால் வெடிக்காது. பிளைவுட்டுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை.

அப்புறம், அடுக்குமாடி வீடு. துளையிடும் சத்தமான வேலையை வார நாள் பகலிலேயே முடித்துவிடுங்கள். மாலையில் உப்புத்தாள் தேய்த்தால் போதும்.