கேஸ் உலையில் அலுமினியம் உருக்குகிறீர்களா? ஈரத்துக்குப் பயப்படுங்கள்

கொல்லையில் புரொப்பேன் உலை கட்டி, காயலான் கடை அலுமினியத்தை உருக்கத் தொடங்குகிறவர்களுக்கு நெருப்பின் மீது பயம் தானாக வந்துவிடும். ஈரத்தின் மீதுதான் வருவதில்லை. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு மாட்டினால் போதும், மேலே இருப்பதைத் தூக்கி அடித்துவிட்டுத்தான் ஆவி வெளியே வரும்.

எனக்கு அதைப் புரியவைத்தது கசடு எடுக்கும் கரண்டி. இரவு முழுக்க வெளியே கிடந்தது, தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. மூசைக்குள், அதாவது உலோகம் உருகும் பாத்திரத்துக்குள், விட்டதும் படக்கென்று ஒரு சத்தம், சட்டைக் கையில் மூன்று ஓட்டை. பருத்திச் சட்டை என்பதால் அதோடு போயிற்று. நைலானாக இருந்தால் உருகித் தோலோடு ஒட்டியிருக்கும். இப்போது கரண்டி, அச்சு, அடுத்துப் போடவேண்டிய துண்டுகள் எல்லாமே உலை ஓரத்தில் நன்றாகச் சூடேறிய பிறகுதான் உள்ளே போகும். காலி மூசையில் போடும் துண்டு மெல்லக் காய்ந்துகொள்ளும். ஏற்கனவே உருகி நிற்பதில் ஈரத்துண்டைப் போடுவதுதான் வினை. நசுக்கிய கூல்டிரிங்க்ஸ் டின்னுக்குள் மிச்சம் இருக்கும், கவனம். இரண்டு பக்கமும் அடைத்த குழாய், ஸ்ப்ரே டின் பக்கமே போகாதீர்கள்.

சிமென்ட் தரையும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உலோகம் கொட்டினால் தரை வெடித்துத் தெறிக்கும். காய்ந்த மணலைப் பரப்பி அதன்மேல் வேலை செய்யுங்கள். கொட்டியதன் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது.

சரி, கேஸ். புரொப்பேன் காற்றை விடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் மூடிய ஷெட் வேண்டாம். கேஸைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடாதீர்கள். முதலில் நெருப்பு, அப்புறம் கேஸ். இடையில் அணைந்தால் கேஸை மூடி, உலை மூடியைத் திறந்து, சில நிமிடம் பொறுங்கள்.

பழைய இரும்பு டப்பாவை மூசையாக வைத்தால் உருகிய அலுமினியம் இரும்பை மெல்ல அரித்து ஓட்டை போட்டுவிடும். துத்தநாகம் பூசிய டப்பா இன்னும் மோசம்: துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். கிராஃபைட் மூசை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பகல் வெளிச்சத்தில் அது சிவந்து தெரியாது. சிவக்கட்டும் என்று காத்திருந்தால் சூடு எகிறி, வார்ப்பில் பொத்தல் விழும். அச்சிலிருந்து தட்டிய கட்டியும் ஆறியது போலவே வெள்ளையாகக் கிடக்கும். பிள்ளைகள் ஓடியாடும் வீடு என்பதால், பக்கத்தில் சாக்பீஸால் 'சூடு' என்று எழுதி வைக்கிறேன்.