ராபின்சன் பூங்காவில் டப்பா ஒளிப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

லெட்டர்பாக்ஸிங் நடை என்றால் இவ்வளவுதான். ஒருவர் சின்ன டப்பா ஒன்றை ஒளித்து வைத்துவிட்டுக் குறிப்பு எழுதிக் கொடுப்பார். டப்பாவுக்குள் ஒரு நோட்டும் கையால் செதுக்கிய ரப்பர் முத்திரையும் இருக்கும். கண்டுபிடித்தவர் அந்த முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார், தன்னுடையதை டப்பா நோட்டில் குத்துவார், எடுத்த இடத்திலேயே டப்பாவை வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

கொஞ்ச நாளாக ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இளசுகள் சிலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் கூட்டம் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தை அச்சு பிசகாமல் அடிக்கிறார்கள். பேனா மறப்பது, தண்ணீர் பாட்டில் மறப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

இல்லாத இடத்தை வைத்துக் குறிப்பு எழுதுவது

இன்னமும் என்னைக் கடுப்பேற்றுவது இதுதான்.

ராயபுரம் ராபின்சன் பூங்காவில், அதாவது இன்றைய அறிஞர் அண்ணா பூங்காவில், ஒரு அக்காவும் தம்பியும் கையில் குறிப்போடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். "அண்ணா பேசிய மேடைக்கு முதுகைக் காட்டி நில். ஐஸ் வண்டி நிற்கும் மரம்வரை நட. அங்கிருந்து இடதுபக்கம் இருபது அடி." படிக்க இனிப்பாகத்தான் இருக்கிறது. 1949 செப்டம்பர் 18 அன்று, கொட்டும் மழையில், திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது இந்தப் பூங்காவில்தான். இந்தப் பக்கத்து வீடுகளில் கேட்டால், பாதி வீட்டில் யாரோ ஒரு தாத்தா அந்த மழையில் நனைந்திருப்பார். சரி, மேடை எந்த மூலையில் இருந்தது?

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இன்னாம்மா தேடிக்கினு கீறீங்க?" என்றார். பிள்ளைகள் குறிப்பைப் படித்துக் காட்டினார்கள். "மேடையா? தோ, கேட்டாண்ட" என்று கை நீட்டினார். பக்கத்திலிருந்தவர் விடவில்லை. "யோவ், அங்க எங்கய்யா? அந்தாண்ட, செவுத்தோரம்." மூன்றாமவர் இரண்டுமே இல்லை என்றார். மூன்று பேரும் 1949இல் பிறந்திருந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம். ஐஸ் வண்டி மரம் 2016 வர்தா புயலில் சாய்ந்துவிட்டது. வண்டிக்காரரும் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். பிள்ளைகள் ஒவ்வொரு மூலையாகத் துழாவினார்கள். தம்பி குரோட்டன்ஸ் செடிகளை விலக்கித் தலையை நுழைத்தபோது காவலாளி வந்து சத்தம் போட்டார். அவரிடம் நாங்கள் பேசிப் பேசி வாங்கியிருந்த சம்மதம் அத்தோடு போச்சு. குறிப்பு எழுதிய புண்ணியவானோ அந்தப் பக்கமே இல்லை. அவர் எழுதியது தன் தாத்தாவிடம் கேட்ட கதை. பூங்காவில் நின்று எழுதியதே இல்லை.

இந்த விளையாட்டு தொடங்கியது இங்கிலாந்தின் டார்ட்மூரில். 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் என்ற ஒதுக்குப்புறச் சதுப்பில் ஒரு பாட்டிலை வைத்தார். வந்தவர்கள் தங்கள் முகவரி அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அங்கே குன்றின் மேல் நிற்கும் கருங்கல் பாறையைப் பார்த்துத் திசைகாட்டி வைத்துக் குறிப்பு எழுதலாம். பாறை எங்கே போகப்போகிறது? நம் பக்கம் அப்படியில்லை. மெட்ரோவுக்காகத் தோண்டிய தோண்டலில் தெருவே முகம் மாறிவிட்டது. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடியாகிவிட்டது. "அகஸ்தியா" என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியும், அதுவரை சரி. அங்கிருந்து அடி எண்ணச் சொன்னால் எதிலிருந்து எண்ணுவது?

பழைய கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் பிடிக்கும். மேடை, மழை, ஐஸ் வண்டி எல்லாவற்றையும் டப்பா நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கண்டுபிடித்தவர் உட்கார்ந்து ரசித்துப் படிப்பார். வழியை மட்டும் இன்று கையால் தொட முடிகிற பொருளை வைத்துச் சொல்லுங்கள்: வாசல் தூண், பெயர்ப்பலகை, வேலிக் கம்பி. அடிக்கணக்கும் வேண்டாம். எட்டு வயதுப் பையனின் அடி வேறு, அவன் அப்பாவின் அடி வேறு. "வாசலிலிருந்து பதினோராவது கம்பி" என்றால் இருவருக்கும் ஒன்றுதான். எழுதி முடித்ததும் இந்தப் பேட்டையே தெரியாத ஒருவரிடம், தாம்பரத்துக்காரர் யாராவது இருந்தால் நல்லது, கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னாலேயே போங்கள், வாயைத் திறக்காமல். அவர் எங்கே நின்று தலையைச் சொறிகிறாரோ அந்த வரியை அடித்துவிடுங்கள்.

கேட்காமல் வைப்பது

ஆளில்லாத மூடிய டப்பாவைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவாக வாங்குங்கள். மூடியில் இது என்ன என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். முதலில் காவலாளியிடம் காட்டுங்கள், தோட்டக்கார அம்மாவிடமும் காட்டுங்கள். உண்மையில் பூங்கா அந்த அம்மா கையில்தான் இருக்கிறது.

ரயில் நிலையத்தில் வைப்பது

வேண்டாம். 1856இல் திறந்த ராயபுரம் நிலையத்தின் தூண்களை எண்ணச் சொல்லிக் குறிப்பில் ஒரு கேள்வி கேளுங்கள், போதும். கோயில், சர்ச், தர்கா, சிலைப் பக்கமும் இதே கதைதான்.

தோண்டிப் புதைப்பது

கூடவே கூடாது.

முத்திரையை நேராகச் செதுக்குவது

காகிதத்தில் குத்தினால் "ராயபுரம்" திரும்பி விழும். எழுத்தை மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி எழுதி, எழுதிய பக்கத்தை அழிரப்பர் மேல் கவிழ்த்து நகத்தால் தேயுங்கள். எழுத்து தானாகவே திரும்பிப் பதியும், அதன்மேல் செதுக்கலாம். "ண"வின் சுழிகளை முதல் தடவையே முயலாதீர்கள், பிய்ந்துவிடும்.

ஐப்பசியில் விட்டுவைப்பது

கிளிப் மூடி போட்ட டப்பாவிலும் தண்ணீர் இறங்கும். நோட்டை ஜிப் கவரில் போடுங்கள். அடைமழைக்கு முன் டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டு, "தை வரை இல்லை" என்று குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

உள்ளே மிட்டாய் வைப்பது

எறும்பு.