ஒரு பாத்தி, ஒரு வருஷம்: சிங்கப்பூர் மழையைப் பார்த்துக் காய்கறி வளர்ப்பது

"ஆடிப்பட்டம் தேடி விதைடா" என்று பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்த அம்மா சொன்னார். நானும் ஜூலை கடைசியில் தண்டுக்கீரை விதையைத் தூவினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் சுமத்ராக் காற்று, அதாவது சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று, மழையோடு வந்து, விதை முழுவதையும் பாத்தியின் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டுப் போனது. அந்த மூலையில் மட்டும் கீரை அடர்ந்த புல்போல முளைத்தது.

இங்கே வருஷம் முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், வெயிலும் பெரிதாக மாறாது. அதனால் ஊர்ப் பட்டத்தை மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது மழையை மட்டும்தான்.

படி 1: இடம் பிடியுங்கள்

தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் பாத்திகளை வாடகைக்கு விடுகிறது. ஒன்று சுமார் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 57 சிங்கப்பூர் வெள்ளி, ஜிஎஸ்டி தனி. "இது பாத்தியா, பாயா?" என்று அம்மா கேட்டார். அந்தப் பாயளவு நிலம்தான் எங்கள் ஐந்து பேருக்கும் பண்ணை.

படி 2: பாத்தியைக் கூறு போடுங்கள்

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, ஒரே நாளில் பாத்தி முழுக்க விதைப்பது. நாலாவது வாரம் காங்கோங் (வள்ளைக்கீரை) மொத்தமும் ஒன்றாக வந்து நிற்கும். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வீடு வீடாகக் கொடுத்தும் தீராது. அதனால் பாத்தியை 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஐந்து கூறாகப் பிரியுங்கள். நாலு கூறில் வாரத்துக்கு ஒன்றாகக் கீரை விதையுங்கள். ஐந்தாவது வாரம் விதைக்க வரும்போது முதல் கூறு அறுவடைக்குத் தயாராக இருக்கும். ஐந்தாவது கூறு, பாத்தியின் ஓரத்தில், வெண்டைக்கு. உயரமான செடியை நடுவில் வைத்தால் இரு பக்கமும் நிழல் விழும்.

ஒவ்வொரு அறுவடைக்கு அப்புறமும் இரண்டு கை மக்கிய உரத்தைக் கிளறிவிடுங்கள். இங்கே அடிக்கும் மழை மண்ணில் உள்ள சத்தை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

படி 3: விதைப்பு

தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சின்னது. கொஞ்சம் காய்ந்த மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். காங்கோங், வெண்டை விதைகளை இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். ஈரச்சந்தையில் வேரோடு வாங்கிய காங்கோங் என்றால் விதையே வேண்டாம்: மேலே இருப்பதைச் சமையலுக்குக் கிள்ளிக்கொண்டு, அடித்தண்டை ஊன்றிவிடலாம். பக்கத்துப் பாத்திச் சீன அங்கிள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது.

படி 4: மழை மாதங்கள்

டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழை. டிசம்பரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். அப்போது தண்டுக்கீரைக்கு ஓய்வு கொடுங்கள், வேர் அழுகிவிடும். ஈரத்தில் குஷியாக வளர்வது காங்கோங்தான். விதைத்த இடத்தின்மேல் பச்சை வலையைக் கட்டினால் மழைத்துளி மண்ணைக் குழியாக்காது. காலையில் வந்ததும் நத்தையைப் பொறுக்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

பிப்ரவரி தலைகீழ். வருஷத்திலேயே வறண்ட மாதம் அதுதான், ஒரு நாளைக்கு இருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வரும் என்பதால், அப்போது வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

எந்த மாதமானாலும் வாளியையும் பூவாளியையும் கவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரில் ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். வாரக்கடைசியில் மட்டும் வருகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

படி 5: வெண்டை பறிப்பது

கீரை பறிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். வெண்டைக்குத்தான் கண் வேண்டும். விதைத்து ஏறக்குறைய 50 நாளில் நடுவில் கருஞ்சிவப்போடு மஞ்சள் பூ விரியும். அது ஒரு நாள் பூ. மறுநாள் சுருண்டு விழுந்துவிடும். அன்றிலிருந்து நாலைந்து நாளில் காய் விரல் நீளம் வந்திருக்கும். அப்போதே பறியுங்கள். "இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டுமே" என்று இரண்டு நாள் விட்டேன். கத்திக்கே மசியாத நாராகிவிட்டது. அம்மா சந்தையில் செய்வதைப் பாத்தியிலும் செய்வார்: நுனியை விரலால் மடக்குவார், டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். சந்தைக்காரர் முறைப்பார், செடி முறைக்காது.

காம்பைக் கையால் இழுக்காதீர்கள், தண்டின் பட்டை உரிந்து வரும். கத்தரிக்கோல் போதும். சுணை அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை நல்லது. மூன்று செடியில் ஒரு தடவைக்கு நாலைந்து காய்தான் கிடைக்கும். இரண்டு மூன்று பறிப்பைக் குளிர்பதனப் பெட்டியில் சேர்த்து வைத்தால் ஒரு பொரியலுக்கு ஆகும்.

படி 6: விதைக்கு விடுங்கள்

ஒரு செடியில் ஒரே ஒரு காயைப் பறிக்காமல் விடுங்கள், ஆனால் டிசம்பரில் வேண்டாம். நான் அப்போது விட்ட காயைப் பிளந்தால் உள்ளே பூஞ்சணம். ஜனவரிப் பூவில் வரும் காய் பிப்ரவரி வெயிலில் செடியிலேயே காய்ந்து, பழுப்பாகி, ஆட்டினால் கலகலக்கும். விதையைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், வியர்த்துவிடும். காகித உறை வேண்டும். சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்கள் என்பதால் வீட்டில் காலி அங்பாவ் உறைக்கு (பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்புக் காகித உறை) பஞ்சமிருக்காது. மேலே மாதத்தை எழுதி வையுங்கள். எங்கள் வீட்டு உறையில் "வெண்டை, பணம் இல்லை" என்றும் எழுதியிருக்கிறது, பிள்ளைகளுக்காக.