ஸ்டீம் கேப்ஸ்யூல் படம்: சொந்தக் காசில் கற்ற தவறுகள்

போன மாதம், முதல் கேமை வெளியிடப்போகும் மூன்று பேர் தங்கள் கேப்ஸ்யூல் படத்தை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார்கள். திறந்து பார்த்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. என் முதல் கேமில் நான் செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே காரியத்தை மூவரும் அச்சு அசலாகச் செய்திருந்தார்கள். மங்கலான படம் போடாதே, தலைப்பில் எழுத்துப்பிழை விடாதே என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் முகப்பு, தேடல் முடிவு, தள்ளுபடிப் பட்டியல் என்று எங்கே போனாலும் கேமுக்கு அடையாளமாகத் தெரிகிற செவ்வகப் படம்தான் கேப்ஸ்யூல்.

ஒரே ஒரு படம் வாங்கிவிட்டு, அதை வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது

என்னுடைய முதல் கேம், சிதைந்த நகரத்தில் நடக்கும், முறை வைத்து மாறி மாறி ஆடும் உத்தி விளையாட்டு. ஓவியரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "கேமுக்கு ஒரு அட்டைப்படம் வேணும், பிரமாதமா இருக்கணும்." அவர் பிரமாதமாகவே வரைந்து கொடுத்தார். அகலத் திரை அளவில் ஒரு பிரம்மாண்டமான மரம். அதன் கிளைகள் வளைந்து நெளிந்து கேமின் தலைப்பாக மாறியிருந்தன. எழுத்து எங்கே முடிகிறது, கிளை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பெரிய மானிட்டரில் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையில் வந்தது ஒற்றை ஜேபெக் கோப்பு. தனித்தனியாக நகர்த்தவோ நீக்கவோ முடிகிற அடுக்கு, அதாவது லேயர், எதுவும் கிடையாது. வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

கடைப் பக்கத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் கண் திறந்தது. ஸ்டீம் கேட்பது ஒரு படம் அல்ல. இன்றைய கணக்கில், பிக்சலில், ஹெடர் 920×430, சின்ன கேப்ஸ்யூல் 462×174, பிரதானம் 1232×706, செங்குத்துப் படம் 748×896. வாங்கியவர்களின் லைப்ரரிக்கு 600×900-இல் ஒன்று, அங்கே மேலே பட்டையாக வரும் ஹீரோ படம் 3840×1240-இல் ஒன்று, பின்னணி இல்லாத தனி லோகோ ஒன்று. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று நீளமான பட்டை. ஒரே படத்தைக் குறுக்கியும் நறுக்கியும் இத்தனையிலும் திணிக்க முடியாது.

செங்குத்து அளவுக்கு வெட்டினேன். தலைப்பின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் போயின. ஹீரோ படத்தில் எழுத்தே இருக்கக்கூடாது. அங்கே தலைப்பை அழித்தால் மரத்தின் பாதியும் சேர்ந்து அழிந்தது. எழுத்துக்குப் பின்னால் வானம் வரையப்படவே இல்லை. லோகோவைத் தனியாகப் பிரிக்க ஒவ்வொரு கிளையாக ஓரம் வெட்டினேன். எல்லா எழுத்தையும் சுற்றி அழுக்குப் பச்சையில் ஒரு விளிம்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒன்பது ராத்திரி போனது இப்படி.

இதையெல்லாம்விடக் கொடுமை சின்ன கேப்ஸ்யூல். 462×174-ஐ நாம் ஏற்றினால், ஸ்டீம் அதையும் சுருக்கி 184×69, 120×45 என்று இரண்டு குட்டிப் படங்களைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. என் தலைப்பு இடைவெளியோடு 24 எழுத்து. 120 பிக்சலில் எழுத்துக்கு ஐந்து பிக்சல். அதில் மெல்லிய கிளைக்கு ஒரு பிக்சல்கூட மிஞ்சாது. திரையில் தெரிந்தது கருநீலப் பின்னணியில் ஒரு பழுப்புக் கறை. ஸ்டீமின் பக்கமும் கருநீலம்தான் என்பதால், படம் எங்கே முடிகிறது என்பதுகூடத் தெரியவில்லை.

ஓவியரிடம் திரும்பிப் போனேன். அதற்குள் அவர் வேறொரு வேலையில் மாட்டியிருந்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைத்தான் கொடுத்தார். வாயைத் திறந்து சரியாகக் கேட்காதது என் தப்பு. வெளிவரப்போகும் கேம்களின் டெமோவைக் காட்டும் ஸ்டீமின் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவில் ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும். அந்த ஒரு முறையை அந்தக் கறையோடுதான் கடந்தேன். பிறகு இன்னொருவரிடம் முழுக் கூலி கொடுத்து எல்லாவற்றையும் புதிதாக வரைந்து வாங்கினேன். பழைய படம் இப்போது என் கணினியின் வால்பேப்பர். அதற்கு மட்டும் அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

ஆகவே, வேலையைப் பேசும்போதே இவற்றை எழுத்தில் கேளுங்கள். லேயர்களோடு கூடிய மூலக் கோப்பு வேண்டும். லோகோ தனிக் கோப்பு, முடிந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டராக. கதாபாத்திரம் ஒரு லேயர், பின்னணி இன்னொரு லேயர். பாத்திரத்துக்குப் பின்னாலும் பின்னணி முழுதாக வரையப்பட்டிருக்க வேண்டும், நாலு பக்கமும் தாராளமாக நீண்டிருக்க வேண்டும். அளவுப் பட்டியலை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ட்ரெய்லர், விளம்பரம், டி-ஷர்ட் எதற்கெல்லாம் படத்தைப் பயன்படுத்துவீர்கள் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

வேலையைக் குட்டிப் படத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சின்ன கேப்ஸ்யூலில் லோகோ ஏறக்குறைய முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளட்டும். மரம், மலை, வீரன் எல்லாம் பெரிய படத்தில் வரட்டும். கரட்டு வரைவு வந்ததும் 120×45-க்குச் சுருக்கி, உண்மையான தேடல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டில் மற்ற கேம்களுக்கு நடுவே ஒட்டிப் பாருங்கள். வெள்ளைத் தாளில் தனியாக வைத்துப் பார்த்தால் எந்தப் படமும் அழகாகத்தான் இருக்கும்.

லோகோ தனியாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்டீமில் மொழிக்கு ஒரு கேப்ஸ்யூல் வைக்கலாம். தலைப்பை மொழிபெயர்க்கும்போது லோகோவை மட்டும் மாற்றினால் போதும். என் மரத்தோடு இதைச் செய்ய வேண்டுமென்றால் மொழிக்கு ஒரு மரம் வளர்த்திருக்க வேண்டும்.

படம் ஒன்று, கேம் வேறு

என் மரத்தைப் பார்த்தவர்கள் அமைதியான கதை சொல்லும் கேம் என்று நினைத்துச் சொடுக்கினார்கள். உள்ளே கட்டங்களும் தாக்குதல் எண்களும் இருந்தன. வந்த வேகத்தில் போனார்கள். உத்தி விளையாட்டை விரும்புகிறவர்களோ படத்தைப் பார்த்துவிட்டுச் சொடுக்கவே இல்லை. இரண்டு பக்கமும் நஷ்டம். உங்கள் வகையில் நன்றாக விற்கும் இருபது கேம்களின் கேப்ஸ்யூல்களை ஒரே பக்கத்தில் அடுக்கிப் பாருங்கள். நிறம், முகத்தின் அளவு, எழுத்தின் தடிமன் எல்லாவற்றிலும் ஒரு குடும்பச் சாயல் தெரியும். அந்தக் குடும்பத்தில் ஒருவராகத் தெரிந்தபின் வித்தியாசம் காட்டிக்கொள்ளலாம்.

விருது முத்திரை, விமர்சன வரி

2022 செப்டம்பர் 1 முதல் கேப்ஸ்யூலில் இவற்றுக்கு அனுமதி இல்லை. படமும் தலைப்பும் மட்டும்.

மெனு திரையை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடுவது

யாரும் மெனுவை வாங்க வருவதில்லை.

முதுகைக் காட்டி நிற்கும் கதாநாயகன்

பார்த்தது போதும், இனி வேண்டாம்.

"நல்லா இருக்கா?" என்று கேட்பது

நண்பர்கள் "சூப்பர்" என்பார்கள், வேறென்ன சொல்வார்கள்? என் மரத்தையும் எல்லோரும் சூப்பர் என்றார்கள். இப்போது நான் செய்வது வேறு. கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் போனில் குட்டிப் படத்தை இரண்டு நொடி காட்டி, மறைத்துவிட்டு, இரண்டு கேள்வி கேட்கிறேன்: "பேர் என்ன? இதுல என்ன பண்ணுவாங்க?" இரண்டாவது கேமுக்கு முதலில் கிடைத்த பதில், "ஏதோ மீன் பிடிக்கிற கேம்." அது ரயில் ஓட்டும் கேம். சிக்னல் கம்பத்தைத் தூண்டில் என்று நினைத்துவிட்டார். கம்பம் தனி லேயரில் இருந்ததால் எடுத்துவிட்டு எஞ்சினைப் பெரிதாக்க பத்து நிமிஷம்தான் ஆனது.